திறந்து காட்டிய பெட்டி

14.5.2025
பெரும்பாக்கம்

சுப்புலக்ஷ்மி மேடம் அவர்களுக்கு,

நான் நிஷா. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்த டெலிவரி பெண். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றேன், நீங்கள் தண்ணீர்கூடக் கொடுத்தீர்கள். அதற்கு முன்பும் உங்களுக்கு நிறையப் பார்சல் கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் முகத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, அதனால்தான் இவ்வளவு அடையாளம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு போன் செய்ய வழியில்லை. பார்சலைக் கொடுத்து முடித்ததும் கம்பெனி உங்கள் நம்பரை மறைத்துவிடும். நேரில் இரண்டு முறை வந்தேன். உங்கள் வாட்ச்மேன், "பார்சல் இல்லாம இன்னாத்துக்கு வந்துகினு கீற?" என்று அதட்டி, கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அவர் கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஐடியை நிறுத்திவிட்டார்கள். ஐடி இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. எங்கள் சூப்பர்வைசர் கணேசமூர்த்தி, "கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் குத்துகீறாங்க. பொட்டிய தொறக்காமலே தொறந்தேன்னு டிக் போட்டுகினு வந்துட்டியாமே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

டிக் போட்டது உண்மைதான். விலை அதிகமான சாமான் என்றால் வாசலிலேயே பெட்டியைப் பிரித்து, வாங்குகிறவர் பார்த்த பிறகுதான் ஓடிபி வாங்க வேண்டும். நான் கட்டரைக் கையில் எடுத்தேனா இல்லையா? நீங்கள்தான் கதவுக்கு நடுவில் நின்றுகொண்டு, "இப்போ பிரிக்காதேம்மா, ராகுகாலம். பன்னெண்டு மணிக்கு மேல நாங்களே பிரிச்சுக்கறோம்" என்றீர்கள். பை நிறையப் பார்சலை வைத்துக்கொண்டு நான் பன்னிரண்டு மணி வரை உங்கள் வாசலில் உட்கார முடியுமா? திறந்ததாக டிக் போடாமல் போனில் ஓடிபி கேட்கும் இடமே வராது. வயதில் பெரியவர் சொல்கிறாரே என்று போட்டேன்.

அந்த ஒரு வார்த்தையைக் கம்பெனியிடம் சொல்லுங்கள் மேடம். நிஷா திறக்க வந்தாள், நான்தான் வேண்டாம் என்றேன் என்று. வண்டிக்குத் தவணை கட்டுகிறேன், அப்பா சேட்டு கடை வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. வேறு வருமானம் கிடையாது.

இப்படிக்கு,
நிஷா

16.5.2025
மயிலாப்பூர்

நிஷாவுக்கு,

உன் கடிதத்தை வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தார். நீ ஏதோ என்னால்தான் கெட்டுப்போனாய் என்பதுபோல் எழுதியிருக்கிறாய். அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று ஒரு வரி கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

என் கணவர் கல்யாணராமனுக்குப் போன வருடம் தொண்டையில் புற்றுநோய். அடையாறு ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். தெருமுனையிலிருந்தே பால்காரரைக் கூப்பிடுகிற குரல் அவருடையது. இப்போது பலகையில் எழுதிக் காட்டுகிறார். டார்ச் மாதிரி ஒரு கருவி உண்டு, கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால் பேச்சு வரும். ஆஸ்பத்திரியில் சொன்ன கடையில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். எங்கள் பெண் அனன்யாவுக்கு ஜூன் ஆறாம் தேதி கல்யாணம். கன்னிகாதானத்தில் பெண்ணைக் கொடுக்கிறேன் என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். கல்யாணம் செய்துவைக்கும் வாத்தியார், "மனசுக்குள்ள சொன்னாப் போறும் மாமா" என்றார். இவர் பலகையை எடுத்து, "போறாது" என்று எழுதினார். அதனால்தான் ஆன்லைனில் வாங்கினேன். மூன்று நாளில் வரும் என்று போட்டிருந்தது, நாலரை நட்சத்திரம்.

நீ போன பிறகு பன்னிரண்டரைக்கு ஸ்வாமி முன்னால் வைத்துப் பிரித்தோம். கருவி மாதிரியே இருந்தது. அமுக்கினால் ஜ்ஜ் என்று அதிர்ந்தது. குரல் பயிற்சி கொடுக்கும் டாக்டர் முன்பே, "முதல்ல வெறும் சத்தம்தான் வரும், பொறுமையாப் பழகணும்" என்று சொல்லியிருந்தார். அதை நம்பிக்கொண்டு இவர் காலையிலும் மாலையிலும் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். கழுத்துத் தோல் சிவந்து கன்றிப்போயிற்று. வரவில்லை. "எனக்குத்தான் சாமர்த்தியம் போறலை" என்று எழுதிக் காட்டினார். நானும், "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்கோளேன், சோம்பல் படாம" என்று அதட்டினேன். 

பத்து நாள் கழித்து வகுப்புக்கு எடுத்துப் போனபோதுதான் டாக்டர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகத்துக்கு மசாஜ் செய்கிற மிஷின். மேலே ஸ்டிக்கர் மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறது.

கம்பெனியைக் கேட்டால், திருப்பிக் கொடுக்கும் கெடு ஏழு நாளாம், முடிந்துவிட்டதாம். வாசலிலேயே திறந்து, நான் சரிபார்த்துக்கொண்டதாகப் பதிவாகியிருக்கிறதாம். பெட்டி வாசலில் திறக்கப்படவே இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அந்த உண்மையால் உன் வேலை நின்றால் நான் என்ன செய்ய முடியும்? டிக் போட்டது என் விரல் இல்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பெட்டி உங்கள் ஆட்கள் யார் கையிலும் மாறவில்லை என்று உன்னால் சொல்ல முடியுமா?

சுப்புலக்ஷ்மி

19.5.2025
பெரும்பாக்கம்

மேடம்,

கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. நேராகவே கேட்டிருக்கலாமே, நிஷா நீ திருடியா என்று. எடுத்தவள் எதற்கு மேடம் உங்கள் கேட்டில் வந்து வாட்ச்மேனிடம் பேச்சு வாங்குகிறாள்? கூவத்துக்கரை ஆள் என்றால் உங்களுக்கெல்லாம் முதலில் அதுதான் தோன்றும். சிந்தாதிரிப்பேட்டையில் எங்களைக் காலி செய்து பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டபோதும் அப்படித்தான் பேசினார்கள்.

ஐயாவுக்குக் குரல் இல்லை என்று எனக்குத் தெரியாது. நான் வரும்போதெல்லாம் உள்ளே நாற்காலியிலிருந்து கையை ஆட்டுவார். பெரிய மனுஷர், நம்மிடம் பேசமாட்டார் போல என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு வருத்தப்படுகிறேன். கழுத்து கன்றிப்போனது என்று படித்ததும் என் அப்பாவிடம் சொன்னேன். "அந்தாளு இன்னா பாவம் பண்ணிச்சு" என்றார்.

ஆனால் உங்களுக்கு ஒன்று புரியவில்லை. கம்பெனிக்காரன் நம் இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறான். நீங்கள்தான் திறக்க வேண்டாம் என்றீர்கள் என்று எழுதினால், உங்கள் மேல்தான் தப்பு என்று பணத்தைத் தரமாட்டான். நான் திறக்கவே வரவில்லை என்று எழுதினால் என் ஐடி ஒரேயடியாகப் போகும். இதில் பொய்ச் சாமான் விற்றவன் பேரே வரவில்லை, பார்த்தீர்களா? அவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னைத்தான் பார்சல் பிரிக்கும் ஹப்பில் ஒரு ரூமில் உட்காரவைத்து, இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள்.

நீங்கள் சொன்னது உண்மை என்றீர்கள். பாதி உண்மை மேடம். ராகுகாலத்தை விட்டுவிட்டீர்கள்.

இன்னும் விசாரணை முடியவில்லை. கல்யாண வேலைக்கு நடுவில் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி மீதிப் பாதியையும் எழுதுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

நிஷா

27.5.2025
மயிலாப்பூர்

நிஷாவுக்கு,

இதை வேறு யார் வாய் மூலமாகவோ நீ தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடுவது மரியாதை என்று தோன்றியது.

உன் கடிதம் வந்த அன்றே கம்பெனிக்கு மறுபடி எழுத உட்கார்ந்தேன். மீதிப் பாதியையும் எழுதுவதாகத்தான் இருந்தேன். அப்போது அவர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. டெலிவரி செய்தவர் பெட்டியைத் திறந்து காட்ட முன்வரவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பணத்தைத் திருப்பித் தருவதை மறுபரிசீலனை செய்வார்களாம். பணம் வந்தால் ஆஸ்பத்திரி சொன்ன கடையில், அங்கே காட்டுவதற்கு வைத்திருக்கும் கருவியையாவது கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். கல்யாணச் செலவில் எங்கள் கை முழுக்கக் காலி. இன்னொன்று வாங்க யாரிடம் போய் நிற்பது?

எங்கள் எதிர்வீட்டு வக்கீல் பத்ரிநாராயணனைக் கேட்டேன். "வித்தவனுக்கு நோட்டீஸ் அனுப்ப அட்ரஸ் வேணுமே மாமி. கேஸ் முடியறதுக்குள்ள அனன்யாவுக்குக் குழந்தையே பிறந்துடும்" என்றார்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பலகையில், "அந்தப் பொண்ணு மேல எழுதாதே" என்று எழுதி என் மடியில் வைத்தார். நான் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். மறுபடி அதையே எழுதினார். மறுபடியும் துடைத்தேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன், நிஷா. திறந்து காட்ட முன்வரவில்லை என்று. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது இன்னொரு பொய் ஆகிவிடும். ஏனென்றால் இன்றைக்கு மறுபடி கேட்டாலும் போடுவேன். என் பெண் கல்யாணத்தில் அவர் வாயால் நாலு வார்த்தை வரவேண்டும், எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

சுப்புலக்ஷ்மி

3.6.2025
பெரும்பாக்கம்

பணம் வந்துவிட்டதா?

அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். உங்கள் பேரை எழுதக் கை வரவில்லை, அதனால் மேலே காலியாக விட்டிருக்கிறேன்.

என் ஐடியை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். இன்னும் இரண்டு கம்பெனியில் போய்க் கேட்டேன். ஆதார் நம்பரைப் போட்டதும் அங்கேயும் வேண்டாம் என்கிறது. எதனால் என்று யாரும் சொல்லவில்லை. தவணை கட்டவில்லை என்று வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா வாசலில் நின்று, "ஒரு மாசம் டைம் குடு நைனா" என்று அந்தச் சின்னப் பையன்களிடம் கெஞ்சினார். அதை நான் மறக்கமாட்டேன்.

பெட்டி மேல் ஒட்டியிருந்த விற்பவர் முகவரி என் போனில் டெலிவரிக்கு எடுத்த போட்டோவில் இருந்தது. சிந்தாதிரிப்பேட்டை. நான் பிறந்து வளர்ந்த இடம், எனக்குத் தெரியாத சந்தா என்று பஸ் ஏறிப் போனேன். அந்த நம்பரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. கடைக்காரர் யாசிர் பாய் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "நீயும் வந்துட்டியா? வாரத்துக்கு ரெண்டு பேரு வந்து என் சட்டையப் புடிக்கிறாங்கம்மா. என் அட்ரஸ எவனோ போட்டுகினு யாவாரம் பண்றான். நான் சொல்லாத எடம் இல்ல" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்தேன். அதே சாமான், உங்கள் பெட்டி மேல் இருந்த அதே படம், கடைப் பேர் மட்டும் வேறு. இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறான்.

மன்னிப்புக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. கேட்டிருந்தால் நான் கொடுத்தாக வேண்டியிருக்கும்.

ஐயாவுக்குக் குரல் வந்தால் போதும். இதை உங்களுக்காகச் சொல்லவில்லை, அந்தப் பலகைக்காகச் சொல்கிறேன்.

நிஷா

15.6.2025
மயிலாப்பூர்

நிஷா,

பணம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் செய்தி வந்தது. "டெலிவரி ஊழியர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று. தீர்க்கப்பட்டதாம். கூப்பிட்டுக் கேட்டேன். திருப்பும் கெடு முடிந்துவிட்டதால் பணத்துக்கு விற்பவரைத்தான் அணுக வேண்டுமாம். போனில் பேசிய பெண், தன் பேச்சுக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவேன் என்று கேட்டாள்.

கல்யாணம் நடந்தது. மந்திரத்தை இவர் தம்பி சொன்னார். இவர் அனன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சரி, ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். தாரை வார்க்கும் சமயத்தில் இடுப்பு வேஷ்டியிலிருந்து அந்த மசாஜ் மிஷினை எடுத்தார். எப்போது எடுத்து வைத்துக்கொண்டாரோ தெரியாது. கழுத்தில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு வாயசைத்தார். ஜ்ஜ் என்ற சத்தம் மட்டும் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை ஒன்று சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். அனன்யாதான் மெதுவாகக் கையை நீட்டி அதை அணைத்தாள். அதற்குப் பிறகு இவர் பலகையையும் தொடுவதில்லை. ஏதாவது கேட்டால் தலையை அசைக்கிறார், அவ்வளவுதான்.

மறுவாரம் நான் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நிஷா திறக்க வந்தாள், நான்தான் ராகுகாலம் என்று தடுத்தேன், நான் கையெழுத்துப் போட்டது பொய் என்று. இரண்டே வரியில் பதில் வந்தது. மூடிய ஐடியைத் திறக்க வழியில்லை. பொய்ப் புகார் கொடுத்ததற்காக என் கணக்கையும் நிறுத்துகிறார்கள். நான் சொன்ன பொய்யை உடனே நம்பினார்கள், உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை கொடுத்தார்கள்.

நீ கேட்காமலே சொல்கிறேன். அன்றைக்கு உன்னை விற்றேன். விலையும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்த வரியை எழுதியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் ஆத்துல கூடமாட ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேண்டும். உனக்குச் சம்மதம் என்றால் நாளையிலிருந்தே வரலாம். வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மேலே விடுவார்.

சுப்புலக்ஷ்மி

20.7.2025
பெரும்பாக்கம்

அம்மா,

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது அப்படியே நாலாகக் கிழித்தேன். பிறகு ஐயா கல்யாணத்தில் செய்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒட்டி எடுத்தேன். அப்பா கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் பிளாக் லாரன்ஸ் அண்ணன் சேர்த்துவிட்டார். ஆதார் கேட்காத இடம். ராயப்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி, பேக்கிங் வேலை. பெண்கள் எட்டுப் பேர் இருக்கிறோம். முதலாளி யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது, எல்லாம் போனில்தான். சம்பளம் மட்டும் வாரா வாரம் தவறாமல் வருகிறது. டெலிவரியில்கூட அப்படி வந்ததில்லை.

முதல் வாரம் சட்டை, பொம்மை, செருப்பு என்று மடித்துக்கொண்டிருந்தேன். போன திங்கட்கிழமை உள் ரூமுக்கு மாற்றினார்கள். மேஜை மேல் மூட்டையாக மசாஜ் மிஷின். பக்கத்தில் ஸ்டிக்கர் சுருள். பழைய ஸ்டிக்கரை உரித்துவிட்டு இதை ஒட்டி, அட்டைப் பெட்டியில் வைத்து மூட வேண்டும். பெட்டி மேல் ஒரு வெள்ளைக்காரர் கழுத்தில் கருவியை வைத்துக்கொண்டு சிரிக்கிற படம்.

உங்கள் பெட்டிதான் அம்மா. அதே படம். உங்கள் வாசலில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவளுக்குத் தெரியாதா?

எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். எங்கே போவது? பக்கத்து மேஜை அக்கா, "இன்னாடி பேயறைஞ்ச மாதிரி குந்திகினு கீற? லேபிள ஒட்டு, இல்லாங்காட்டி கணக்குக்கு வராது" என்றார். ஒட்டினேன். அன்றைக்கு வந்த ஆர்டர் மூன்று பெட்டி. மறுநாள் இரண்டு. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தர் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைக் கன்றவைத்துக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்துதான் ஒட்டினேன். என்னை ஒரு நாள் திருடியா என்று கேட்டீர்களே, அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இப்போது வரமாட்டேன் என்கிறது.

அப்பாவிடம் சொல்லவில்லை. லாரன்ஸ் அண்ணனுக்கு இது தெரியுமா என்று கேட்கவும் தைரியமில்லை. இந்த ஊரில் இதைச் சொன்னால் புரிந்துகொள்ள உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை. அது எவ்வளவு கேவலம் பாருங்கள்.

கட்டடம் எங்கே இருக்கிறது என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்கள் போலீசுக்குப் போகலாம். போனால் முதலாளியைப் பிடிக்கமாட்டார்கள், அவர் போனுக்குள் இருக்கிறார். பிடிபடுவது நாங்கள் எட்டுப் பேரும்தான். ஒட்டிய கை எங்கள் கை. போகாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. எனக்கு யோசித்து யோசித்து அலுத்துவிட்டது.

நிஷா

2.8.2025
மயிலாப்பூர்

அம்மா நிஷா,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இவரிடம் காட்டவில்லை. காட்டினால் பலகையை எடுத்துவிடுவாரோ, எடுத்து என்ன எழுதுவாரோ என்று பயமாக இருந்தது. பின்பக்கத்து முகவரியைப் பல முறை படித்தேன். ஒரு நாள் செருப்புப் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை போய், பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சி வகுப்பு. இவர் உள்ளே போயிருந்தார். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கணவர் வெங்கடரமணன், பள்ளிக்கூட வாத்தியாராம். போன மாதம்தான் ஆபரேஷன். அவளாகவே போனை எடுத்துக் காட்டினாள். "ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிட்டேன் மாமி. நகையை வெச்சுத்தான் வாங்கினேன். செவ்வாய்க்கிழமை வந்துடும்." அதே வெள்ளைக்காரர், அதே சிரிப்பு.

"கேன்சல் பண்ணிடு" என்றேன். என்னையறியாமல் கையைக்கூடப் பிடித்துவிட்டேன்.

"அனுப்பிட்டாளாம் மாமி, இனிமே முடியாதுங்கறது. ஏன், உங்களுக்கு ஏதாவது ஆச்சா? எங்கேர்ந்து அனுப்பறான்னு தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்கோ, என் தம்பி போலீஸ்லதான் இருக்கான். இன்னிக்கே போய் நின்னுடுவான்."

என் கைப்பைக்குள் உன் கடிதம் இருந்தது, நிஷா. முகவரியும் அதில்தான், நீங்கள் எட்டுப் பேரும் அதில்தான்.

"ஒண்ணும் இல்லம்மா, சும்மாத்தான் சொன்னேன். நல்லதா வரட்டும்" என்றேன். அவள், "உங்க வாய் முகூர்த்தம் மாமி" என்று சொல்லிவிட்டுக் கணவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

சுப்புலக்ஷ்மி